குதிகால் எழும் க்ஷணம்

ஊர்த் திருவிழாவை ஒட்டி நடந்த மின்னொளி கபடிப் போட்டி ஒன்றில், இரவு பதினொரு மணிக்கு மேல், நான்கு கம்பங்களில் கட்டிய விளக்குகளின் வெளிச்சத்தில், பாடிச் சென்ற வாலிபன் ஒருவன் தன் கணுக்காலைப் பற்றியவனையும் இடுப்பைக் கட்டியவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, மார்பு மண்ணில் தேய, நடுக்கோட்டை விரல் நுனியால் தொட்டதைச் சென்ற வருஷம் கண்ணாரக் கண்டேன். அந்த ஒரு ரெய்டில்தான் ஆட்டம் திரும்பியது. ஆயினும் மறுநாள் வெளிவந்த படத்தில் அந்தக் கை இல்லை, கோடு இல்லை. கோப்பையும் பொன்னாடையும் பரிசளித்த பிரமுகரும் இருந்தார்கள். இதற்காகப் படமெடுத்தவரைக் குறை கூறுவது நியாயமாகாது என்பது, பிற்பாடு அவருடன் பேசியபோது எனக்கு விளங்கிற்று. அந்த ரெய்டையும் அவர் எடுத்துத்தான் இருந்தார். ஆனால் அது பழுப்புக் கறையாக விழுந்திருந்தது. அவர் கையில் இருந்த ஜூம் லென்ஸ், முழு நீளத்துக்கு இழுத்தால் எஃப் 5.6 என்ற அளவுக்குமேல் திறக்காது. விளையாட்டும் தெரிந்து, சமயமும் தெரிந்து, வெளிச்சம் ஒன்று மட்டும் போதாமல் தோற்றுப்போன படம் அது.

இதைக் கொஞ்சம் கணக்காகவே பார்த்துவிடலாம். லென்ஸின் குவிதூரத்தை அதன் துவாரத்தின் விட்டத்தால் வகுக்க வருவதே எஃப் எண். ஆகையால் எண் சிறுக்கச் சிறுக்க வாசல் பெருகும். எஃப் 5.6-இலிருந்து எஃப் 2-க்கு வந்தால் உள்ளே நுழையும் ஒளி எட்டு மடங்காகிறது. அதே ஐஎஸ்ஓ என்ற ஒளியுணர்திறனில், முன்னதற்கு 1/100 விநாடி திறந்திருக்க வேண்டிய ஷட்டர் பின்னதற்கு 1/800 விநாடி திறந்தால் போதும். கோட்டை நோக்கிப் பாயும் கை விநாடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டால், 1/100 விநாடியில் அது பத்து சென்டிமீட்டர் நகர்ந்துவிடும்; ஐந்து விரல்களும் ஒன்றாய்க் குழம்பிவிடும். 1/800 விநாடியில் நகர்வது ஒன்றேகால் சென்டிமீட்டர்தான். விரல் விரலாகவே இருக்கும். காமிராவில் உள்ள ஸ்டெபிலைசர் இதற்கெல்லாம் உதவாது. அது நம் கை நடுக்கத்தை அடக்குமே தவிர, ஓடுகிறவனை நிறுத்தாது.

குவிதூரம் மாறாத லென்ஸ்களையே படக்காரர்கள் பிரைம் என்கிறார்கள். இப்படி வாசல் பெருத்த தொலைவு லென்ஸ்கள் பெரும்பாலும் அவ்வகையே. 300 மி.மீ. எஃப் 2.8 லென்ஸுக்கு 107 மில்லிமீட்டர் விட்டமுள்ள வாசல் வேண்டும். அதன் எடை பெரும்பாலும் இரண்டு கிலோவைத் தாண்டும். விலையோ சாதாரண மனிதரின் பல மாதச் சம்பளம். 135 மி.மீ. எஃப் 2 லென்ஸுக்கு அறுபத்தேழரை மில்லிமீட்டர் போதும். கேனன் கம்பெனி 1996-இல் வெளியிட்ட அந்த அளவு லென்ஸின் எடை முக்கால் கிலோ. கழுத்தில் மாட்டிக்கொண்டு விடிய விடிய நிற்கலாம். பெரிய லென்ஸின் வாடகையோடு ஒப்பிட்டால் ஒருநாள் வாடகையும் தாங்கக்கூடியது. கபடி என்ற ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

மங்கிய வெளிச்சத்தில் மனிதர்களை அவர்கள் போக்கிலேயே பிடித்துவிட வேண்டும் என்ற ஆசை நூறு வருஷப் பழமை உடையது. டிரெஸ்டன் நகரத்து எர்னெமான் கம்பெனி 1924-இல் எர்மனாக்ஸ் என்ற சிறு காமிராவை எஃப் 2 லென்ஸோடு வெளியிட்டது. அந்த லென்ஸை வகுத்தவர் லுத்விக் பெர்டெலே. சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றிருந்த எரிக் சாலமன் என்பவர் அந்தக் காமிராவை மறைத்து எடுத்துச் சென்று, 1928-இல் ஜெர்மானிய நீதிமன்றத்தில் கொலை வழக்கு விசாரணையைப் படம் பிடித்தார். பிறகு ராஜதந்திரிகளின் மாநாடுகளில் புகுந்து, நள்ளிரவு தாண்டியும் பேசிப் பேசிச் சோர்ந்துபோன மந்திரிகளை, அவர்கள் முகத்தைத் திருத்திக்கொள்ளும் முன்பே, எடுத்தார். அவர் படங்களை ஒட்டித்தான் கேண்டிட் என்ற சொல் படக்கலையில் வழங்கலாயிற்று. இன்று நம் கல்யாண மண்டபங்கள்வரை வந்துவிட்டது. சாலமன் 1944-இல் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் மாண்டார் என்பதை நினைக்கும்போது, மற்றவர்களின் முகத்தில் அத்தனை மென்மையை நாடிய அந்தக் கண்களுக்கு நேர்ந்த கதி மனத்தைப் பிசைகிறது. பெர்டெலேயின் சோன்னார் வகையைச் சேர்ந்த 180 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் ஒன்றை, 1936-ஆம் வருஷத்து பெர்லின் ஒலிம்பிக் பந்தயங்களை முன்னிட்டு ஜைஸ் நிறுவனம் செய்தது. ஒலிம்பியா சோன்னார் என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. விளையாட்டுப் படமும் கேண்டிட் படமும் அந்நாளிலிருந்தே ஒரே வீட்டில் வளர்ந்தவை.

இனி ஆடுகளத்துக்கு வருவோம். ஆடவர் கபடியின் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ளது. நடுக்கோட்டிலிருந்து, பாடி வருகிறவன் தாண்டியாக வேண்டிய பாக் லைன் 3.75 மீட்டர், அதற்கப்பால் ஒரு மீட்டரில் போனஸ் கோடு, ரெய்டு ஒன்றுக்கு 30 விநாடி. இந்தச் சிறு பரப்பில் படக்காரர் எங்கே உட்காருவது என்பதே முதல் கேள்வி. ஜூம் லென்ஸ் உள்ளவர் எங்கு வேண்டுமானாலும் உட்கார்ந்து இழுத்தும் குறைத்தும் பார்க்கலாம். பிரைம் லென்ஸை ஏற்றியவரோ ஆட்டம் தொடங்குமுன்பே இடத்தை நிர்ணயித்துவிட வேண்டும். பெரும்பாலோர் கடைக்கோட்டுக்குப் பின்னால், பிடிக்கும் அணியின் முதுகுப் பக்கமாக உட்காருகிறார்கள். பாடி வருகிறவனின் முகம் நேராகத் தெரிகிறது என்பது அதன் அனுகூலம். ஆனால் கோட்டுக்கு மூன்று மீட்டர் பின்னால் இருந்து பார்த்தால், பாக் லைனைத் தாண்ட வருகிறவன் ஆறு மீட்டருக்குள் இருக்கிறான். முழு அளவு சென்சாரில், எஃப் 2-இல், அந்தத் தூரத்தில் துல்லியமாக விழும் ஆழம் ஒரு சாண்தான். அவன் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே வருகையில் போகஸ் அவனைத் துரத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அதைவிடப் பெரிய குறை, பிடி விழுந்த மறுகணமே அவன் நமக்கு முதுகைக் காட்டித் தன் பக்கம் திரும்பிவிடுவது. ஆட்டத்தின் உயிர் இருக்கும் அந்த மூன்று நான்கு விநாடிகளில் நாம் காண்பது பனியனின் எண் மட்டுமே.

ஆகையால் பக்கவாட்டில், நடுக்கோடு நீளும் திசையில், நடுவர் நிற்கும் இடத்துக்குச் சற்று விலகி அமர்வதே உசிதம் என்பேன். பக்கக்கோட்டுக்கு மூன்று மீட்டர் வெளியே இருந்தால் களத்தின் மத்தி எட்டு மீட்டர் தூரம். அங்கே 135 மி.மீ. லென்ஸ் காட்டும் அகலம் இரண்டு மீட்டருக்குச் சிறிது அதிகம்; நீட்டிய கையோடு விழுந்து கிடக்கும் ஒரு மனிதன் அதில் ஏறக்குறைய அடங்குவான். கால் வெட்டுப்பட்டால் பாதகமில்லை, கை வெட்டுப்படலாகாது. அந்தத் தூரத்தில் துல்லியத்தின் ஆழமும் முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக வளர்ந்திருக்கும். அவன் நம்மை நோக்கி வராமல், நமக்குக் குறுக்கே பாய்கிறபடியால், தூரம் அதிகம் மாறுவதில்லை, போகஸ் நிற்கிறது. களத்தின் இந்த ஓரத்திலேயே, நம் காலடிக்கு அருகில், அவன் வந்து விழுந்தால் மட்டும் நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. ஜூம் வைத்திருப்பவருக்கு அப்போது படம் கிடைக்கும், நமக்குக் கிடைக்காது. இரவில் ஐந்து ரெய்டுகளை இவ்விதம் இழந்து, ஆறாவதை முழுமையாகப் பெறுவதுதான் இந்த லென்ஸோடு நாம் செய்துகொள்ளும் ஒப்பந்தம்.

இந்த வருஷம் அதே திருவிழாவுக்கு, அதே படக்காரர், 135 மி.மீ. லென்ஸ் ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்திருந்தார். முதல் இரண்டு ஆட்டங்களிலும் அவர் விரல் பிந்திற்று. பிடி விழுந்தபின் அழுத்தினார், படத்தில் மனிதக் குவியல்தான் இருந்தது. பக்கத்தில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்த பழைய ஆட்டக்காரர் ஒருவர் அதைக் கவனித்துக்கொண்டே இருந்து, கடைசியில் சொன்னார்: “தம்பி, அவன் மூஞ்சிய பாக்காதீங்க. மூஞ்சி பொய் சொல்லும். பின்னங்காலு குதிகால பாருங்க. குதிகால் மண்ண விட்டு எழும்பிச்சுன்னா பாயப்போறான்னு அர்த்தம்.” எத்தனை லட்சம் ரூபாய் காமிராவிலும் இல்லாத புத்தி அந்த வார்த்தையில் இருந்தது. கண்ணைத் தேடிப் போகஸ் செய்யும் காமிராக்கள் வந்துவிட்டன; விநாடிக்கு இருபது படங்கள் எடுப்பவையும் உண்டு. ஆயினும் நடக்கப்போவதை நடக்குமுன் அறிவது ஆட்டத்தைப் பலகாலம் பார்த்துப் பழகிய கண்ணுக்கே சித்திக்கிறது. மூன்றாவது ஆட்டத்திலிருந்து அவர் குதிகாலைப் பார்க்கத் தொடங்கினார்.

வெளிச்சத்தின் துடிப்பையும் இங்கே சொல்ல வேண்டும். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. கம்பத்தில் கட்டும் மெட்டல் ஹாலைடு விளக்குகள் விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கண்ணுக்கு அது தெரிவதில்லை. 1/800 விநாடியில் அடுத்தடுத்து எடுத்த மூன்று படங்களில் ஒன்று மஞ்சளாகவும் ஒன்று இருண்டும் வருவதற்கு இதுவே காரணம். துடிப்புக்கு ஏற்ப ஷட்டரைத் திறக்கும் வசதி உள்ள காமிராவானால் நல்லது. பிளாஷ் போடுவதை மட்டும் நான் ஆட்சேபிக்கிறேன். மூச்சடக்கிப் பாடுகிறவன் கண்ணில் ஒளியைப் பாய்ச்சுவது ஆட்டத்தில் கைவைப்பதற்குச் சமம்.

இன்னொரு கருத்து வேறுபாடும் எனக்கு உண்டு. பின்புலத்தை வெண்ணெய்போல் உருக்கிவிடும் அழகுக்காகவே பலர் எஃப் 2-ஐ நாடுகிறார்கள். தனியொருவர் ஆடும் ஆட்டத்துக்கு அது தகும். கபடியோ ஒருவனுக்கு எதிராக எழுவர் கை கோத்து நிற்கும் ஆட்டம். சங்கிலியின் ஒரு கண்ணியை மட்டும் கூராக்கி மற்ற கைகளைப் புகையாக்கிவிட்டால், அவன் எதிலிருந்து மீண்டான் என்பதே தெரியாமல் போகிறது. வெளிச்சம் இடம் கொடுத்தால் எஃப் 2.8-க்கு இறங்கிக்கொள்வதே முறை. முழுத் திறப்பு என்பது இருட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டிய சேமிப்பு.

கிரிக்கெட்டுக்கு இந்தக் கணக்கு செல்லாது. எல்லைக் கோட்டிலிருந்து பார்த்தால் பேட்ஸ்மன் அறுபது எழுபது மீட்டருக்கு அப்பால் நிற்கிறான். அங்கே 400-ம் 600-ம்தான் பேசும். ஆனால் 1999-ஆம் வருஷம் ஜனவரி 31-ஆம் தேதி, சச்சின் டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்தும் இந்தியா 12 ஓட்டங்களில் தோற்றபின், சேப்பாக்கத்து ஜனங்கள் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டினார்களே, அந்த முகங்களை எடுக்க 600 மி.மீ. வேண்டியதில்லை; களத்துக்கு முதுகைக் காட்டிக் கேலரியைப் பார்த்து நிற்கும் ஒருவரிடம் 135 மி.மீ. இருந்திருந்தால் போதும்.

ஆட்டம் முடிந்தபின் லென்ஸைக் கழற்றி வைத்துவிடுவது நம் படக்காரர்களின் வழக்கம். அப்போதுதான் இதன் இரண்டாவது வேலை தொடங்குகிறது. முகங்களை எடுக்க ஐந்து மீட்டர் என்பது நல்ல தூரம்: பேசினால் காதில் விழும், எடுக்கிறவர் இருப்பதும் தெரியும், வேண்டாமென்று கை காட்டினால் நிறுத்திக்கொள்ளலாம்; ஆனாலும் மூக்கின் முன்னே காமிரா நீட்டப்படும் கூச்சம் இல்லை. நூறு அடிக்கு அப்பால் மறைந்திருந்து ஒருவனுடைய கண்ணீரை எடுப்பதற்கும், அவன் பார்வைக்குள் நின்று எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் படத்திலேயே தெரியும்.

இந்த வருஷத் திருவிழாவின் இறுதி ஆட்டத்திலும் நடுக்கோட்டருகே ஒரு போராட்டம் நேர்ந்தது. கணுக்காலைப் பிடித்த இளைஞன் விடவேயில்லை. நடுவரோ கோடு தொடப்பட்டது என்று தீர்ப்பளித்தார். அவனுடைய அணி ஒரு புள்ளியில் தோற்றது. எல்லோரும் மேடைப் பக்கம் போனபின் அவன் மட்டும் களத்தின் ஓரத்தில், முழங்கால் உறையைக் கணுக்காலுக்கு இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தான். ஒரு சிறு பையன் தண்ணீர்ச் செம்பை நீட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றான்; இவன் வாங்கவில்லை. படக்காரர் ஒன்றே ஒன்று எடுத்தார். பிறகு அருகில் போய் அதைக் காட்டினார். அவன் தன் முகத்தைப் பார்க்கவில்லை.

“அண்ணே, அந்தக் கடைசிப் பிடி இருக்கா? அவன் கை கோட்டுல பட்டுச்சாண்ணே?”

படக்காரர் பின்னால் தள்ளித் தள்ளி அந்தப் படத்தை எடுத்து, பெரிதாக்கிக் கொடுத்தார். சுண்ணாம்புக் கோட்டின்மேல் நடுவிரலின் நகம் இருந்தது. நகத்தடியில் சுண்ணாம்புத் தூள் எழும்பியிருந்தது. அவன் வெகுநேரம் பார்த்தான். காமிராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பையனிடமிருந்து செம்பை வாங்கிக் குடித்தான்.