விண்கலத்து வைத்தியர் விருத்தாசலத்துக்கு வருவாரா?

செவ்வாய்க் கோளை நோக்கிச் செல்லும் கலத்தில் ஒருவருக்குத் திடீரென்று விலாப்பக்கம் வலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பூமியிலுள்ள டாக்டரைக் கேட்கலாமே என்பீர்கள். கேட்கலாம். ஆனால் கேள்வி போய்ச் சேரவே, கோள்களின் தொலைவைப் பொறுத்து, 3 முதல் 22 நிமிடங்கள் ஆகும். பதில் வந்து சேர மீண்டும் அவ்வளவு நேரம். வலியில் துடிப்பவருக்கு முக்கால் மணி நேரம் ஒரு யுகம் அல்லவா? ஆகவே கலத்திலேயே ஒரு கணிப்பொறி வைத்தியர் இருந்தால் என்ன என்ற எண்ணம் பிறந்தது.

2025இல் அமெரிக்காவின் நாசாவும் கூகுள் நிறுவனமும் சேர்ந்து அப்படி ஒன்றைச் சோதித்துப் பார்த்தன. பேச்சு, எழுத்து, படம் ஆகிய மூன்றையும் வாங்கிக்கொண்டு, நோய் இன்னதாக இருக்கலாம் என்று அது சொல்லும். கணுக்கால் காயம், காதுவலி, விலாவலி என்று மூன்று நிலைமைகளை அதன் முன் வைத்தார்கள். மூன்று டாக்டர்கள் விடைகளை மதிப்பிட்டார்கள். அவர்களுள் ஒருவர் விண்வெளி வீரர். கணுக்காலுக்கு 88 சதவீதம், காதுக்கு 80, விலாவலிக்கு 74 என்று மதிப்பெண் வந்தது.

இத்தகைய செய்திகளோடு ஒரு நம்பிக்கையும் கூடவே வருவதுண்டு. விண்வெளிக்கு ஆவது, டாக்டர் இல்லாத ஊருக்கும் ஆகும் என்பதே அது. நம்பிக்கை நல்லதுதான். ஆனால் அதைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டாமா? மூன்றே கேள்விகள் கொண்ட தேர்வை வைத்து எந்த மாணவனுக்கும் நாம் மருத்துவப் பட்டம் கொடுப்பதில்லை. அதைவிடப் பெரிய குறை வேறொன்று. அந்த மதிப்பெண்கள் யாருடைய உடலைப் பற்றியவை?

மதிப்பெண் குறைந்த விலாவலியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு முக்கியக் காரணம் சிறுநீரகக் கல். எடையற்ற நிலையில் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரைந்து சிறுநீரில் சேர்வதால் விண்வெளி வீரருக்குக் கல் உண்டாகும் ஆபத்து அதிகம். இனி கடலூர் மாவட்டத்து விருத்தாசலத்துக்கு வாருங்கள். பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனமும் உள்ள ஊர் இது. பீங்கான் வேகச் சூளையில் 1,200 பாகை செல்சியஸ் அளவுக்கு வெப்பம் வேண்டும். சூளையருகே நாள் முழுவதும் நிற்பவருக்கு உடம்பின் நீரெல்லாம் வியர்வையாகப் போய்விட, சிறுநீர் சுண்டிக் கெட்டியாகிறது. அவருக்கும் கல் வரலாம். வலி ஒன்றே, கல்லும் ஒன்றே. வந்த வழிதான் வேறு. வலிக்கும் இடத்தை மட்டும் கேட்கும் கணிப்பொறி இருவருக்கும் ஒரே விடையைத்தான் தரும்.

விண்வெளி வீரருக்கு இன்னொரு வசதியும் உண்டு. புறப்படுவதற்கு முன்பே அவருடைய இதயம், எலும்பு, இரத்தம், கண் எல்லாம் அளக்கப்பட்டுவிடுகின்றன. 2019இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்கிறேன். 11 வீரர்களின் கழுத்துச் சிரைகளைப் பயணத்துக்கு முன்னும், சர்வதேச விண்வெளி நிலையத்திலும் மீயொலிக் கருவியால் படம் எடுத்துப் பார்த்தார்கள். ஒருவரின் சிரையில் இரத்தக் கட்டி இருந்தது தெரிந்தது. அவர் வலி என்று சொல்லி வரவில்லை; ஆராய்ச்சிக்காக எடுத்த படம் காட்டிக் கொடுத்தது. நிலையத்தில் ஊசி மருந்து அளவோடுதான் இருந்தது. தரையிலிருந்த டாக்டர்கள் அதைக் கணக்காகச் செலவிடச் சொன்னார்கள். மாத்திரைகள் பின்னர் சரக்குக் கலத்தில் போய்ச் சேர்ந்தன. முன்னர் எடுத்த படத்தோடு பின்னர் எடுத்ததை ஒப்பிடும் வாய்ப்பு இவருக்கு இருந்தது. களிமண் கூடத்தில் வேலைக்குச் சேரும் இளைஞரிடம், நலமாக இருந்தபோது எடுத்த நெஞ்சு எக்ஸ்ரே இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்!

கணிப்பொறி நோய் கண்டறிவது புதிய செய்தியும் அன்று. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் டி டோம்பால் என்ற மருத்துவர் 1972இல் 304 வயிற்றுவலி நோயாளிகளைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார். கணிப்பொறி 91.8 சதவீதம் சரியாகச் சொன்னது. மூத்த டாக்டரோ 79.6 சதவீதம்தான். உலகமே வியந்தது. ஆனால் அதே முறையை வேறு ஊர்களில் பயன்படுத்தியபோது அந்த வெற்றி குறைந்தது. லீட்ஸ் நோயாளிகளைக் கொண்டு கற்ற கணிப்பொறிக்கு லீட்ஸ் வயிறுதான் தெரியும். இன்னொரு சுவையான விஷயமும் அங்கே வெளிப்பட்டது. கணிப்பொறிக்காகப் படிவத்தை ஒழுங்காக நிரப்பிய காலத்தில் டாக்டர்களின் சொந்தக் கணிப்பும் உயர்ந்தது. சோதனை முடிந்ததும் மீண்டும் இறங்கிவிட்டது. அப்படியானால் வேலை செய்தது பொறியா, படிவமா?

விருத்தாசலத்துக்கு இந்தக் கேள்வி முக்கியம். பீங்கானுக்குச் சீனக்களிமண்ணோடு ஃபெல்ஸ்பாரும் குவார்ட்ஸ் என்னும் படிகக்கல்லும் மாவாக அரைபட்டுச் சேர வேண்டும். உலர்ந்த குவார்ட்ஸ் தூளில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் நுரையீரலின் அடிவரை சென்று தங்கித் தழும்பு உண்டாக்கும். இதுவே சிலிக்கோசிஸ். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே இதை அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாகப் பட்டியலிட்டது. குணப்படுத்த மருந்து இல்லை. தூசியிலிருந்து ஆளை விலக்குவதே வழி. இருமல், மூச்சிரைப்பு, எக்ஸ்ரேயில் புள்ளிகள் என்று பார்த்தால் காசநோயின் சாயல் இதற்கு நிறைய உண்டு. போதாக்குறைக்கு, சிலிக்கோசிஸ் உள்ளவரைக் காசநோய் எளிதில் பற்றும். ஆகவே இரண்டும் ஒரே நெஞ்சில் குடியிருக்கலாம்.

எக்ஸ்ரேயைப் பார்த்துக் காசநோயைச் சந்தேகிக்கும் மென்பொருள்களை, 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களைச் சோதிக்கப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. மும்பை நிறுவனம் ஒன்றும் இத்தகைய மென்பொருளைச் செய்கிறது. எக்ஸ்ரே நிபுணர் இல்லாத ஊர்களுக்கு இது பெரிய உதவி, ஐயமில்லை. ஆனால் குவார்ட்ஸ் அரைப்பவரின் படத்தை அதனிடம் கொடுத்தால்? புள்ளிகளைக் கண்டு காசம் என்று ஐயுறலாம். சளியைச் சோதிக்காமலே மாத்திரை தொடங்கிவிட்டால், ஆறு மாதம் சாப்பிட்டுவிட்டு அவர் அதே தூசிக்குத் திரும்புவார். பொறியைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் என்ன வேலை செய்கிறார் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

அந்த ஒரு கேள்வி மிகப் பழையது. இத்தாலிய மருத்துவர் ராமசினி தொழில் நோய்களைப் பற்றி 1700இல் எழுதிய நூலில், நோயாளியிடம் வழக்கமாகக் கேட்பவற்றோடு உன் தொழில் என்ன என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்றார். அந்த நூலில் குயவர்களுக்கும் தனி அத்தியாயம் உண்டு. மின்னணுப் பொறி எதுவும் இல்லாத காலம் அது.

இத்தகைய சாதனம் ஒன்றை நம் ஊர்களுக்குக் கொண்டுவர விரும்புவோர் சோதனையை இங்கேயே நடத்தலாம். காசநோய் உறுதியானவர்களின் எக்ஸ்ரே படங்களையும், சிலிக்கோசிஸ் உறுதியான பீங்கான், கல் உடைப்புத் தொழிலாளர்களின் படங்களையும் கலந்து முதலில் தொழில் விவரம் இல்லாமல் பொறியிடம் கொடுக்கட்டும். பிறகு எத்தனை ஆண்டு, எந்தத் தூசியில், ஈரமாக அரைத்தாரா உலர்வாக அரைத்தாரா என்ற மூன்று வரிகளைச் சேர்த்து மறுபடியும் கொடுக்கட்டும். இரண்டு முறையும் வந்த மதிப்பெண்களை, 74 என்றும் 88 என்றும் வெளியிட்டது போலவே, அச்சிட்டு நமக்குக் காட்டட்டும்.