ஹம்லெற்றின் சினமும் காலக்கணக்கும்

தந்தையைக் கொன்றவனைப் பழிவாங்க முனையும் மகனின் கதையாகவே சேக்ஸ்பியரின் 'ஹம்லெற்' பெரிதும் நோக்கப்பட்டு வந்துள்ளது. ஆயின், 1600ஆம் ஆண்டளவில் எழுந்த இந்நாடகத்தில் கொலைச் செய்தியை அறிவதற்கு முன்னரே ஹம்லெற்றின் சினம் மூண்டுவிடுகின்றது என்பது மனங்கொளத்தக்கது. முதலாம் அங்கத்தின் இரண்டாம் காட்சியில் அவன் தனித்துப் பேசும்போது தந்தையின் ஆவியை இன்னும் கண்டிலன். தாய் கேட்றூட், இறந்த கணவனின் தம்பியாகிய குளோடியஸை விரைந்து மணந்தமையே அவனை வாட்டுகின்றது.

ஹம்லெற்றின் உணர்ச்சி நாடகம் காட்டும் நிகழ்ச்சிகளை மிஞ்சி நிற்கின்றது என்றும், தாயின் குற்றம் அதற்கு ஈடாகாது என்றும் 1919இல் ரி. எஸ். எலியற் குறைகூறினார். இக்கூற்று, அவ்வுணர்ச்சிக்கு அரசவை ஊட்டும் உரத்தைக் கருத்திற் கொள்ளவில்லை. குளோடியஸ் தனது முதற் பேச்சிலேயே சாவின் துயரையும் மணத்தின் மகிழ்வையும் ஒருங்கு பிணைத்துக் கணக்கை முடித்துவிடுகிறான். கறுப்புடை களையாத மகனைப் பார்த்து, இறப்பு எவர்க்கும் பொது என்கிறாள் தாய்; நீடித்த துக்கம் ஆண்மைக்கு ஒவ்வாது என்கிறான் சிற்றப்பன். அவை முழுவதும் இறக்கிவைத்த துக்கத்தை ஒருவனே சுமக்க நேரும்போது அது சினமாகத் திரிதல் இயல்பேயாகும். மேலும், தமையனின் மனைவியை மணத்தல் அக்காலத் திருச்சபையால் விலக்கப்பட்ட உறவு. எட்டாம் ஹென்றியின் முதல் திருமணம் 1533இல் செல்லாததாக்கப்பட்டதும் இக்காரணம் பற்றியே. எனவே அச்சினம் அன்றைய அவையோர்க்கு ஆதாரமற்றதாகத் தோன்றியிராது.

இச்சினத்தின் உண்மையான அளவுகோல் காலமே. தந்தை இறந்து இரண்டு மாதம் என்று தொடங்கும் ஹம்லெற், அவ்வளவுமில்லை என்று திருத்தி, மணம் ஒரு மாதத்துள் நிகழ்ந்தது என மீண்டும் மீண்டும் சொல்கிறான். மூன்றாம் அங்கத்தில், தந்தை இறந்து இரண்டு மணித்தியாலமே ஆயிற்று என்கிறான். நான்கு மாதமாயிற்று என ஒபீலியா திருத்துகிறாள். நாட்காட்டி முன்செல்ல, அவனது துக்கமோ இறந்த கணத்தை நோக்கிப் பின்செல்கிறது. மறுமணம் தகுமா என்பதன்று அவனது முதல் வினா. துக்கத்திற்குரிய காலத்தை மறுத்தது தகுமா என்பதே.

எனினும், சினத்தின் நியாயம் இவ்வளவில் நின்றுவிடுகின்றது. ஒரு தாயின் அவசரத்தைப் பெண்ணினம் முழுவதன் பலவீனமாக அவன் விரித்துவிடுகிறான். அதன் விலையைச் செலுத்துபவள், அம்மணத்தில் யாதொரு பங்குமற்ற ஒபீலியா. தாயின் அறையிலோ, அவளது வயதில் காதலுக்கு இடமில்லை எனத் தீர்ப்பளிக்கிறான். தாய்க்கு எதிராக எதுவும் செய்யாதே, அவளை விண்ணுக்கு விட்டுவிடு எனத் தந்தையின் ஆவி முன்னரே பணித்திருந்ததையும் அவன் எண்ணினானல்லன்.

இரண்டாம் அங்கத்தில், மகன் இல்லாத இடத்தில், அவனது நிலைக்குத் தந்தையின் மறைவும் தங்கள் அவசர மணமுமே காரணம் எனக் கேட்றூட் குளோடியஸிடம் கூறுவது ஆழ்ந்து நோக்கற்பாலது. மகன் சுமத்தும் குற்றத்தின் மெய்யான பகுதியைத் தாய் தானே அறிந்திருக்கிறாள். ஆனால் அதை அவனிடம் சொன்னாளில்லை. சொல்லியிருப்பின் துக்கத்தைப் பகிர ஒருவரேனும் அவனுக்குக் கிடைத்திருப்பார். தாயும் மகனும் ஒரே உண்மையைத் தனித்தனியே அறிந்திருந்தும் ஒருவருக்கொருவர் சொல்லாத நிலையே இந்நாடகத்தின் அவலத்திற்கு முதல் வித்து எனலாம்.