கல்முனைக்கு மேல் ஆயிரம் அடியில்: இன்டெல் ஆர்க் பி580

மட்டக்களப்பு விமான நிலையத்தில் எழும்பி, வாவியைத் தாண்டி, கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டு தெற்கே திரும்பினால் பன்னிரண்டு நிமிடப் பயணம்தான். செஸ்னா 172 மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, பெரியநீலாவணை, மருதமுனை என்று ஊர்கள் ஒன்றோடொன்று தோள் உரசியபடி கீழே கடந்து போகின்றன. "மாமா, நம்மட ஊரு வந்துட்டு" என்று மருமகன் ஜொய்ஸ்டிக்கை மெல்லச் சாய்த்தான். சாய்ந்தமருதுக்கு மேலே விமானம் ஒரு வட்டம் போட்டது. திரையில் ஒரு நடுக்கமும் இல்லை.

மருமகன் ஏ.எல். எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிறான். வாப்பா டோஹாவில். விமானி ஆக வேண்டும் என்ற எண்ணம் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே இருக்கிறது. அவனுக்கு ஒரு கணினி கட்டிக் கொடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தபோது, கிராபிக்ஸ் கார்ட் விடயத்தில் மட்டும் வழக்கமான பாதையை விட்டு விலகினேன். என்விடியாவும் இல்லாமல், ஏஎம்டியும் இல்லாமல், இன்டெலின் ஆர்க் பி580 ஐ வாங்கினேன். ஒரு மாதம் அதில் பறந்து பார்த்த பிறகு எழுதுகிறேன்.

தொழிலுக்குப் புதிது

இன்டெல் என்ற பெயர் தெரியாத வீடு இல்லை. ஆனால் தனியாகப் பொருத்தும் கிராபிக்ஸ் கார்ட் வியாபாரத்தில் அது இன்றும் புதுமுகம்தான். ஆர்க் வரிசையின் முதல் தலைமுறையைச் சேர்ந்த ஏ750, ஏ770 இரண்டும் 2022 ஒக்டோபரில் வந்தன. பி580 2024 டிசம்பரில் வந்தது.

இதற்கு முன்னும் ஒரு முயற்சி நடந்திருக்கிறது. 1998இல் ஐ740 என்ற கார்டை இன்டெல் வெளியிட்டது. அதை லொக்ஹீட் மார்ட்டினின் ரியல் த்ரீடி நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கினார்கள். அந்த நிறுவனத்தின் வேர், அப்பல்லோ விண்வெளி வீரர்களின் பயிற்சிக்காகக் காட்சிகளை உருவாக்கிய ஜெனரல் இலெக்ட்ரிக் குழுவில் இருக்கிறது. ஆக, இன்டெலின் முதல் கிராபிக்ஸ் கார்ட், பறக்கப் பயிற்சி கொடுக்கும் இயந்திரங்களின் பரம்பரையில் பிறந்தது. அது சந்தையில் நிலைக்கவில்லை. இன்டெலும் சீக்கிரமே அந்த வியாபாரத்தை விட்டு வெளியேறியது. கால் நூற்றாண்டு கழித்துத் திரும்பி வந்த பேரப்பிள்ளையை மறுபடியும் விமானம் ஓட்ட வைத்துப் பார்ப்பதில் எனக்கு ஒரு தனி ஆசை இருந்தது.

விலைக் கணக்கு

இன்டெல் அறிவித்த விலை 249 டொலர். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய 75,000 ரூபாய். அதன்மேல் 18 சதவீத வற் வரி சேர்ந்தால் 88,000 ரூபாய். கப்பல் கூலியும் கடைக்காரர் இலாபமும் அதற்கும் மேலே. கொழும்பு யூனிட்டி பிளாசாவில் வாங்கி, இரவு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

பி580 வந்தபோது இதே விலையை அண்டிய போட்டியாளர் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060. அறிமுக விலை 299 டொலர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூன்று எண்கள் கண்ணில் படும். பி580க்கு நினைவகம் 12 ஜிபி, 4060க்கு 8 ஜிபி. நினைவக வேகம் பி580க்கு வினாடிக்கு 456 ஜிபி, 4060க்கு 272 ஜிபி. மின்சாரத்தில் நிலைமை தலைகீழ்: பி580 190 வோட் கேட்கிறது, 4060 115 வோட்டில் முடித்துக்கொள்கிறது.

பொருத்தும் முன் செய்ய வேண்டியது

பழைய கார்டைக் கழற்றிப் புதியதைச் செருகினால் போதும் என்ற பழக்கம் இந்தக் கார்டிடம் செல்லாது. ரீசைசபிள் பார் என்ற வசதி பயோஸில் திறந்திருக்க வேண்டும். சாதாரணமாகக் கணினியின் சிப், கார்டின் நினைவகத்தை 256 எம்பி அளவுள்ள ஒரு சின்ன ஜன்னல் வழியாகத்தான் பார்க்கும். இந்த வசதி ஜன்னலை எடுத்துவிட்டு முழுக் கதவையும் திறக்கிறது. மற்றக் கார்ட்களுக்கு அது ஒரு கூடுதல் நன்மை. ஆர்க் கார்டுக்கு அது அடிப்படைத் தேவை. அது இல்லாத கணினியில் ஆர்க் போட வேண்டாம் என்றே சொல்வேன்.

முதலில் என்னுடைய பழைய கணினியில்தான் சோதித்தேன். பயோஸைப் புதுப்பித்து, சிஎஸ்எம் என்ற பழைய முறையை அணைத்தவுடன் விண்டோஸ் எழும்பவில்லை. வட்டு பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருந்தது காரணம். அதை ஜிபிடிக்கு மாற்றிய பிறகு எல்லாம் சரியானது. உங்கள் விண்டோஸ் பழைய நாளில் போட்டதாக இருந்தால், கார்ட் வாங்கும் முன்பே இதைப் பார்த்து, கோப்புகளைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பவர் சப்ளை 600 வோட் இருக்க வேண்டும் என்பது இன்டெலின் பரிந்துரை.

மூன்று பறப்புகள்

சோதித்தது மைக்ரோசொப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2024. பிரான்ஸின் போர்தோ நகரிலுள்ள அசோபோ ஸ்டூடியோ செய்தது. டைரக்ட்எக்ஸ் 12இல் ஓடுகிறது. இந்தத் தகவல் முக்கியம். ஆர்க்கின் முதல் தலைமுறை, டைரக்ட்எக்ஸ் 9 காலத்துப் பழைய விளையாட்டுகளில் தடுமாறியது உலகறிந்த கதை. பின்னால் வந்த டிரைவர்கள்தான் அதைப் பெருமளவு நேராக்கின. டைரக்ட்எக்ஸ் 12 இந்தக் கார்டுக்குச் சொந்த மண்.

மருமகனின் கணினியில் 12ஆம் தலைமுறை ஐ5 சிப்பும் 32 ஜிபி ரேமும் இருக்கின்றன. மானிட்டர் 60 ஹெர்ட்ஸ், 1440பி. ஃபிரேம் வேகத்தை 30இல் பூட்டினேன். விமானம் ஓட்டுவதற்கு வேகம் ஏறி இறங்குவதைவிட, 30 என்றால் 30இல் நிற்பதுதான் கண்ணுக்கு இதம்.

முதலாவது, மேலே சொன்ன கரையோரப் பறப்பு. இரண்டாவது, மழை இரவில் கட்டுநாயக்க 04 ஓடுபாதையில் ஏர்பஸ் ஏ320 இறக்கம். நீர்கொழும்புக் களப்பு கீழே கறுப்பாகக் கிடக்க, மேகத்தைக் கிழித்துக்கொண்டு விளக்குகள் தெரிவது அழகு. மேகமும் மழையும் இரவு விளக்கும் கார்டின் தலையில் விழும் வேலை. பி580 அதைக் களைக்காமல் சுமந்தது. மூன்றாவது பறப்பை நான் கேட்கவில்லை, மருமகனே தெரிந்தெடுத்தான்: கட்டுநாயக்கவிலிருந்து டோஹா. ஏறத்தாழ ஐந்து மணி நேரம். வாப்பா போய்வரும் பாதை. கடைசி இருபது நிமிடம், உயர்ந்த கட்டடங்களுக்கு மேலே, கணினிக்கு உண்மையான பரீட்சை அங்கேதான்.

12 ஜிபி ஏன் முக்கியம்

ஃப்ளைட் சிமுலேட்டரின் உச்ச அமைப்புக்கு மைக்ரோசொப்ட் சொல்லும் கிராபிக்ஸ் நினைவக அளவு 12 ஜிபி. 249 டொலர் கார்ட் ஒன்று அந்த ஓர் எண்ணையாவது தொடுகிறது என்பதே நான் இதை வாங்கக் காரணம்.

நினைவகம் நிரம்பினால் என்ன நடக்கும் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். இடம் போதாத படங்கள் கணினியின் ரேமுக்குத் தள்ளப்படும். அங்கிருந்து அவை பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாகத்தான் திரும்பி வர வேண்டும். பி580 பயன்படுத்தும் எட்டுத் தட வழி, நான்காம் தலைமுறை மதர்போர்டில் வினாடிக்குச் சுமார் 16 ஜிபிதான் கடத்தும். கார்டுக்குள்ளே 456, வெளியே 16. வாவியில் நிறைந்திருக்கும் தண்ணீரை விட்டுவிட்டுக் கிணற்றில் வாளி போட்டு இறைப்பது போல. ஓடுபாதையைத் தொடப்போகும் நேரத்தில் படம் ஒரு கணம் உறைந்து நிற்பது பெரும்பாலும் இப்படித்தான். டோஹாவில் படத் தரத்தை உச்சத்தில் வைத்தபோது பயன்பாடு 8 ஜிபியைத் தாண்டி நின்றது. 12 ஜிபி இருந்ததால் உறைவு வரவில்லை.

மூன்றாம் தலைமுறை போர்டில் அந்த 16ம் பாதியாகிவிடும். என் பழைய கணினி அந்த வகைதான்.

பலவீனமும் பறக்கும்போதுதான் தெரியும்

2025 ஜனவரியில் ஹார்ட்வேர் அன்பொக்ஸ்ட் போன்ற சோதனையாளர்கள் ஒரு குறையை வெளியே கொண்டுவந்தார்கள். பி580இன் டிரைவர், கணினியின் சிப்புக்குக் கூடுதல் வேலை கொடுக்கிறது. புதிய வேகமான சிப்பில் அது தெரியாது. ரைசன் 5 2600, 5600 போன்ற பழைய சிப்களோடு வைத்தால் சில விளையாட்டுகளில் கார்டின் வேகம் போட்டியாளரை விடக் கீழே இறங்கிவிடுகிறது. பின்னால் வந்த டிரைவர்கள் சில விளையாட்டுகளில் இதைக் குறைத்திருக்கின்றன.

துப்பாக்கி விளையாட்டுக்காரரை விட விமானம் ஓட்டுபவர் இதைக் கவனிக்க வேண்டும். காற்று, எடை, எஞ்சின், கருவிகள், வானில் போகும் மற்ற விமானங்கள் எல்லாவற்றையும் கணக்குப் போடுவது சிப்தான். சிமுலேட்டரின் டெவலப்பர் அமைப்பைத் திறந்தால் எது பின்தங்குகிறது என்று திரையிலேயே எழுதிக் காட்டும். மருமகனின் கணினியில் டோஹாவுக்கு மேலே "ஜிபியு" என்று காட்டியது. அதே கார்டை என் பழைய கணினியில் போட்டுப் பறந்தபோது "மெயின்த்ரெட்" என்று காட்டியது. அதாவது கார்ட் வேலை முடித்துவிட்டுக் கைகட்டி நிற்க, பழைய சிப் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

அமைப்புகளை மாற்றும்போதும் இதை மனதில் வைக்க வேண்டும். "மெயின்த்ரெட்" என்று காட்டினால் நிலப்பரப்பு விவரத்தையும் வானப் போக்குவரத்தையும் குறையுங்கள். "ஜிபியு" என்று காட்டினால் மேகத்தையும் நிழலையும் ரெசொலூஷனையும் குறையுங்கள். இடம் மாற்றிக் குறைத்தால் படம்தான் மங்கும், வேகம் கூடாது.

நிலப்பரப்பு விவரத்தைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை. காரணம், உம்மா. ஒரு பின்னேரம் பிளேன்டீ கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றா. செயற்கைக்கோள் படத்தில் நம்முடைய பள்ளிவாசல்களின் மினாராக்கள் இல்லை, கூரைகளைப் பார்த்துக் கணினி கட்டிய பொதுவான கட்டடங்கள்தான். ஆனால் மண் உண்மை. ஒலுவில் துறைமுகத்தின் கற்சுவர் தெரிகிறது. மேற்கே சம்மாந்துறைப் பக்கம் வயல் விரிகிறது. கடலுக்கும் வயலுக்கும் நடுவே நம் ஊர்கள் ஒரு கீற்றுப் போல ஒடுங்கிக் கிடக்கின்றன. "இவ்வளவு கிட்டவா கடல்?" என்று உம்மா கேட்டா. 2004 டிசம்பர் 26 காலையில், சுனாமி வந்தபோது, அந்தக் கீற்றின் குறுக்கே எங்களைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவ அவ. நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கோட்டைத் தெளிவாகக் காட்டும் அமைப்பை இன்றுவரை தொடவில்லை.

கரண்ட், வெக்கை, இன்டர்நெட்

கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் அறைகளின் வெக்கை எல்லோருக்கும் தெரியும். 190 வோட் கார்ட் அதில் இன்னும் கொஞ்சம் சேர்க்கும். பெட்டியின் முன்னால் இரண்டு விசிறி கட்டாயம். சும்மா இருக்கும்போதும் ஆர்க் கூடுதல் மின்சாரம் இழுக்கும் என்பது தெரிந்த விடயம். பயோஸில் ஏஎஸ்பிஎம் என்ற மின்சேமிப்பு வசதியைத் திறந்து, விண்டோஸ் மின்சார அமைப்பில் பிசிஐ எக்ஸ்பிரஸ் சேமிப்பை உச்சத்தில் வைத்தால் அது குறையும். கரண்ட் பில் பார்ப்பவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

2024 பதிப்பு உலகத்தை இன்டர்நெட் வழியாகவே இறக்குகிறது. குறைந்தது 10 எம்பிபிஎஸ், நன்றாக ஓட 50 எம்பிபிஎஸ் வேண்டும். ஃபைபர் இல்லாத வீட்டில் மொபைல் டேட்டாவை நம்பி இதில் இறங்க வேண்டாம். அப்படிப்பட்ட வீட்டாருக்கு 1997இலிருந்து வளர்ந்துவரும் ஃப்ளைட்கியர் என்ற சிமுலேட்டர் இருக்கிறது. முழுக்க இலவசம். படம் சாதாரணம், பறப்பின் பாடம் தரமானது.

தலையில் மாட்டும் வீஆர் கருவியில் பறக்க நினைப்பவர்களுக்கு இந்தக் கார்ட் பொருந்தாது. ஆர்க்கில் அதற்கு முறையான ஆதரவு இல்லை.

யார் வாங்கலாம்?

புதிதாக ஒரு கணினி கட்டுபவர், கடந்த மூன்று நான்கு வருடத்துச் சிப்போடு, நான்காம் தலைமுறை போர்டோடு கட்டுகிறார் என்றால் தயங்காமல் வாங்கலாம். இந்தப் பணத்துக்கு 12 ஜிபி கொடுத்து, விமானக் காட்சியை உறையாமல் ஓட்டுவது பெரிய விடயம்.

பழைய கணினிக்குப் புது உயிர் கொடுக்க நினைப்பவர் இதை வாங்க வேண்டாம். அந்தப் பணத்தை முதலில் சிப்பிலும் போர்டிலும் போடுங்கள். பி580 நல்ல கார்டா என்ற கேள்விக்குப் பதில், அது குடியேறப் போகும் பெட்டியைத் திறந்து பார்த்தால்தான் கிடைக்கும். அதன் பலமும் பலவீனமும் விமானம் ஓட்டும்போது மற்ற எந்த விளையாட்டையும் விடக் கூடுதலாகத் தெரியும்.

சோதனை முடிந்ததும் கார்டை என் பெட்டியிலிருந்து கழற்றி மருமகனிடமே திருப்பிக் கொடுத்தேன். அன்றிரவு அவன் மறுபடியும் டோஹாவில் இறங்கினான். இறங்கிய கையோடு திரையைப் படமெடுத்து வாப்பாவுக்கு அனுப்பினான்.