மேட்டுப்பாத்தியால் யாருக்குக் காப்பு?

பாஸ்டன் நகரின் ராக்ஸ்பரி, டார்செஸ்டர் பகுதிகளில் கொல்லையில் காய்கறி போட நினைப்பவர்களுக்கு முதலில் கிடைக்கும் யோசனை மேட்டுப்பாத்தி. பழைய மரவீடுகளிலிருந்து உதிர்ந்த ஈயப் பெயின்டும், ஈயம் கலந்த பெட்ரோலின் புகையும் அங்கே மண்ணில் தலைமுறைக் கணக்கில் படிந்திருக்கின்றன. வீட்டுப் பெயின்டில் ஈயத்தை அமெரிக்கா 1978-இல் தடை செய்தது. ஆனால் ஈயம் மக்கிப்போகிற சரக்கல்ல. அதனால் நான்கு பலகைகளை அடித்து, அடியில் துணி விரித்து, வெளியிலிருந்து நல்ல மண்ணும் மக்கு உரமும் கொண்டுவந்து கொட்டுகிறார்கள்.

கெட்டிக்கார வேலைதான். தோட்டம் முழுவதையும் தோண்டி அள்ளும் செலவு மிச்சம். வேர் பழைய மண்ணை எட்டுவதும் குறைகிறது.

ஆனாலும் இந்த ஏற்பாடு காய்கறியைத்தான் பெரிதாகச் சந்தேகிக்கிறது. தக்காளி, கத்தரி போன்ற காய்களுக்குள் ஈயம் ஏறுவது சொற்பம். கீரையின் அடியிலையில் மழை தெறித்து ஒட்டிய மண், கேரட்டின் தோல், இவற்றில்தான் கண் வைக்க வேண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து, பாத்திகளுக்கு நடுவே புழுதியில் விளையாடிவிட்டு விரலை வாயில் வைக்கும் குழந்தைக்கு. நடைபாதை மண்ணை மூடாமல் விட்டால் எத்தனை பாத்தி கட்டியும் அந்தக் குழந்தைக்குப் பயனில்லை.

பாத்தியும் புதிதாகவே இருப்பதில்லை. வெல்லெஸ்லி கல்லூரி ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கிலோவுக்குச் சுமார் 150 மில்லிகிராம் ஈயத்துடன் தொடங்கிய பாத்தி மண், நான்கே ஆண்டுகளில் சராசரியாக 336-ஐத் தொட்டது. சுற்றுப்புற மண்ணைக் காற்று வாரிப் போட்டதன் விளைவு அது.

பலகையிலும் வில்லங்கம் உண்டு. கரையான் அரிக்காமலிருக்கக் குரோமியம், தாமிரம், ஆர்செனிக் ஏற்றிய மரம் 2003 வரை அமெரிக்க வீடுகளுக்குத் தாராளமாகப் போனது. மலிவு என்று பழைய மரத்தை வாங்கிப் பாத்தி கட்டினால், பலகையை ஒட்டிய மண்ணில் ஆர்செனிக் கசியும். அங்கே ஈய வைத்தியமும் உதவாது. ஈயத்தைக் கட்டிப்போடும் பாஸ்பேட், மண் துகளில் ஆர்செனிக் பிடித்திருக்கும் இடத்துக்குப் போட்டியிட்டு அதை அவிழ்த்துவிடும். உருக்காலைப் புகையால் ஆர்செனிக் படிந்த, அமெரிக்காவின் டக்கோமா நகர வட்டாரத்தில் ஈயத்துக்கான இந்தப் பாஸ்பேட் பக்குவத்தை அப்படியே பின்பற்றுவது விபரீதம். ஈயத்தையும் ஆர்செனிக்கையும் 'கன உலோகம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டும் கையேடுகள்மீதுதான் எனக்குக் கோபம்.

மேட்டுப்பாத்தியைக் கைவிடச் சொல்லவில்லை. நடைபாதையில் மரச்சில்லு பரப்பி, பாத்தியின் மேல்மண்ணை அவ்வப்போது மாற்றினால் அது உருப்படியான ஏற்பாடு. வழித்தெடுத்த மண்ணை எங்கே கொட்டுவது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.