சந்தையும் சுதந்திரமும்

பொருளியற் சுதந்திரமின்றி அரசியற் சுதந்திரம் நிலைபெறாது என்பது சிக்காகோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மில்டன் பிறீட்மன் 1962இல் வெளியிட்ட 'முதலாளித்துவமும் சுதந்திரமும்' என்னும் நூலின் துணிபு. முன்னது பின்னதற்கு இன்றியமையாததேயன்றிப் போதியதன்று என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார். எனினும், மக்களின் இசைவின்றிப் புகுத்தப்படும் சந்தையைச் சுதந்திரமெனல் தகுமா?

இவ்வினாவை எழுப்பியது தென்னமெரிக்க நாடாகிய சிலி. 1956ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி அந்நாட்டு மாணவர் பலர் சிக்காகோவிற் பயின்று மீண்டனர். அவர்தம் கொள்கை தேர்தல் வாயிலாக அரியணை ஏறவில்லை. 1973இல் படைத்தலைவர் பினோசே ஆட்சியைக் கவர்ந்த பின்னரே அரசின் நெறியாயிற்று. பாராளுமன்றம் கலைக்கப்பட்டது, தொழிற்சங்கங்கள் ஒடுக்கப்பட்டன. மறுப்பாரை வாய்மூடச் செய்துவிட்டு மறுப்பில்லை எனல் வாதமாகாது.

1982இல் நாட்டின் மொத்த உற்பத்தி ஏறத்தாழ 14 சதவீதம் வீழ்ந்தது. அடுத்த ஆண்டு, தலையிடாமையைப் போதித்த அவ்வரசே முக்கிய வங்கிகளைப் பொறுப்பேற்றது. 1990இல் மீண்ட மக்களாட்சியைச் சந்தையின் கொடை என்பாரும் உளர். அஃது 1988இல் பினோசேயின் ஆட்சி நீடிப்பை மறுத்து மக்கள் அளித்த வாக்கின் பயனாகும்.

கருத்து எல்லை கடத்தல் குற்றமன்று. ஆயின், வாளின் துணையொடு வரும் கருத்தை உரைத்துப் பார்க்கும் உரிமை மக்களுக்கு வாய்ப்பதில்லை.