கண்மாய்த் தூண்டிலில் ஜிக்கும் தவளையும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் தூண்டில் என்றால் அது கண்மாய்த் தூண்டில்தான். வெள்ளாறும் அக்னியாறும் மழைக்காலத்தில் மட்டும் ஓடுபவை. மீன் வளர்வதெல்லாம் ஆயிரக்கணக்கான ஏரிகளிலும் கண்மாய்களிலும்தான். ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பும் இந்த நீர், மாசிக்குள் அல்லியும் பாசியும் மூடி, வைகாசியில் சேறாகிவிடும். கண்மாய்க்குள் கருவேல மரங்கள் வேறு நிற்கும். கடையில் எத்தனை வகைச் செயற்கை இரை தொங்கினாலும், எதைக் கட்டுவது என்பதை இந்தத் தழையும் சேறுமே தீர்மானிக்கின்றன.

இங்கே வேரூன்றிய பழைய மரபு மண்புழுவும் தக்கையும். கெளுத்தி, ஜிலேபி, குரவை எல்லாம் இதற்கு வரும். ஜிலேபி 1952-இல்தான் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று அது ஏறாத கண்மாய் அரிது. கட்லா, ரோகுவுக்குத் தவிட்டு உருண்டை. அவை வேட்டை மீன்கள் அல்ல என்பதால் செயற்கை இரைக்காரர்கள் அவற்றை எண்ணுவதே இல்லை. விராலுக்கு மட்டும் உயிர்த்தவளையையோ குஞ்சுமீனையோ முள்ளில் கோத்து, தழை ஓரத்தில் இரவு முழுக்க விட்டுவைப்பார்கள். சென்னை மாகாண ஆட்சிப்பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்தியக் குளங்களில் தூண்டிலிடுவதற்கென்றே 1887-இல் தனி நூல் எழுதினார். ஆற்று மீனைப் பிடிக்கும் முறை குளத்துக்கு அப்படியே பொருந்தாது என்பது அப்போதே தெரிந்த விஷயம்.

செயற்கை இரையைப் பொறுத்தவரை இங்கே எல்லாம் விராலைச் சுற்றியே நடக்கிறது. விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன். செவுள் மட்டும் அதற்குப் போதாது, மூச்சுக்கு மேலே வந்தே தீர வேண்டும். தழை இடுக்கில் அது எழுப்பும் சுழிப்பே இடத்தைக் காட்டிக்கொடுக்கும். மேல்மட்டத்தில் நடமாடும் இந்த மீனுக்காகவே அமைந்ததுபோல் இருக்கிறது ரப்பர்த் தவளை. உள்ளே வெற்றிடமான மென்மையான உடல். இரட்டை முள் முதுகோடு ஒட்டிப் படிந்திருக்கும். அல்லி இலைமேல் எறிந்து இழுத்தாலும் சிக்காது. மீன் கவ்வும்போது உடல் நசுங்கி முள் வெளிப்படும். அடி விழுந்த சத்தத்துக்கே கம்பைச் சுண்டுவது புதியவர்களின் பழக்கம். வாய்க்குள் தவளை போகுமுன்பே அது பறிபோய்விடும். ஒரு கணம் பொறுத்து, தூண்டில் நரம்பு இழுபடுவது தெரிந்த பிறகு சுண்டுவதே முறை. அப்படியும் பல அடிகள் வீணாகும். ரப்பர்த் தவளையை விரும்புவோர் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குவார்கள்.

ஜிக் வேறு கணக்கு. முள்ளின் கழுத்தில் ஈயக் குண்டை வார்த்து, அதன்மேல் மென்பிளாஸ்டிக் புழுவையோ மீனையோ ஏற்றுவது. நரம்பு கட்டும் கண் குண்டின் மேல்பக்கம் இருப்பதால் முள்ளின் நுனி மேல்நோக்கி நிற்கும். அடியில் கல் சிக்குவது குறையும். கம்பைத் தூக்கினால் எழும்பும், விட்டால் விழும். மீன் பெரும்பாலும் கவ்வுவது விழும் நேரத்தில். கை உணர்வதற்கு முன்பே நரம்பு பக்கவாட்டில் நகர்வதைக் கண் பார்த்துவிட வேண்டும். திறமை என்று இதில் சொல்லத்தக்கது அந்தப் பார்வைதான்.

ஆனால் ஜிக்குக்கு ஆழம் வேண்டும், தெளிந்த அடித்தரை வேண்டும். சாதாரணக் கண்மாயில் இரண்டும் கிடையாது. கனத்த குண்டு சேற்றில் புதையும். முள் மேல்நோக்கி இருந்தாலும் பாசியை வாரிக்கொண்டு வரும். மதகடிப் பள்ளம், கலிங்குக்குக் கீழுள்ள மடு, கரைக்கு மண் எடுத்த குழி, பழைய கல்குவாரிக் குட்டை, அறந்தாங்கிப் பக்கம் வரும் கல்லணைக் கால்வாய் ஆகியவையே அதற்குரிய இடங்கள். அங்கும் மூன்று முதல் ஏழு கிராம் குண்டு போதும். இலேசானது மெதுவாக விழும், மீனுக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். புதுமழையில் செம்மண் கலங்கல் வந்துவிட்டால் நிறத்தை மாற்றிப் பார்ப்பதைவிடத் துடுப்பு வால் உள்ள இரையைப் போடுவது மேல். கண் தெரியாத நீரில் மீன் அதிர்வை உடலின் பக்கக்கோட்டால் உணரும்.

ஸ்பூன், ஸ்பின்னர், மீன்வடிவ மரத்துண்டு இவற்றைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பூனுக்கு அமெரிக்கர் ஜூலியோ பூயல் 1852-இல் காப்புரிமை பெற்றார். பின்லாந்தின் லவுரி ராப்பாலா 1936-இல் தக்கையில் செதுக்கியதே இன்றைய மீன்வடிவ இரைகளுள் பெயர்பெற்றது. இவையெல்லாம் திறந்த நீருக்கானவை. தொங்கும் மும்முனை முள் கருவேல வேரில் ஏறினால் நரம்பை அறுப்பதைத் தவிர வழியில்லை. நீர் நிரம்பி, தழை பரவாத மார்கழி மாதம் மட்டும் இவற்றுக்கு இடமுண்டு.

மாதம் பார்த்து மாற்றுவதே தேர்ந்தவர்கள் கொள்ளும் அளவுகோல்: மார்கழியில் ஸ்பின்னர், தழை மூடிய தை முதல் பங்குனி வரை தவளை, நீர் இறங்கி மீன் பள்ளத்தில் ஒதுங்கும்போது ஜிக். கோடை முற்றினால் ஊத்தாக் கூடையும் கச்சா வலையுமாய் ஊரே இறங்கும் மீன்பிடித் திருவிழா வந்துவிடும். தூண்டிலுக்கு வேலை முடிந்தது.

மழைக்காலத்தில் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைக் காக்கும் தாய்விராலையும் தகப்பன்விராலையும் தூண்டில்காரர் தொடுவதில்லை என்பது வழக்கமாக வேண்டும். காவல் காக்கும் மீன் எதை எறிந்தாலும் பாயும். அப்படிப் பிடிப்பதில் இரைத் தேர்வுக்கு வேலையில்லை, குஞ்சுகளும் மற்ற மீன்களுக்கு இரையாகும். மீன்பாசிக் குத்தகை விடப்பட்ட கண்மாயில் குத்தகைதாரரைக் கேட்டே நரம்பை நனைக்க வேண்டும்.