யானையும் வயலும் வரியும்

வரியைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் புறநானூற்றின் 184ஆம் பாட்டு மேடையேறும். பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் உரைத்த அறிவுரை அது. சிறு வயலாயினும் நெல்லை அறுத்துக் கவளமாக்கி ஊட்டினால் யானைக்குப் பல நாள் வரும். யானையே வயலில் இறங்கினால், உண்பதினும் காலில் அழிவது மிகும் என்பது கருத்து. 2019 ஜூலை 5ஆம் நாள் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனும் தம் வரவு செலவுத் திட்ட உரையில் இதனை எடுத்தாண்டார்.

வரியைக் குறைக்கச் சொல்லும் பாட்டாகவே இதனைப் பலர் கொள்கின்றனர். அது பொருந்தாது. புலவர் யானையைப் பட்டினி போடச் சொல்லவில்லை. ஊட்டும் முறையைச் சொல்கிறார். அதே உரையில்தான் ஆண்டு வருமானம் 2 கோடி ரூபாய்க்கு மேற்பட்டோர் மீதான மேல்வரி உயர்த்தப்பட்டது.

செல்வரிடம் பெற்று எளியோரின் வீட்டுச் செலவைக் குறைக்க இயலுமா? இயலும், அறுக்கும் முறை தெரிந்திருக்க வேண்டும். செல்வ வரி 2013-14இல் நாடு முழுவதிலும் ஈட்டியது ஏறத்தாழ 1,008 கோடி ரூபாயே. 2015இல் அதனை நீக்கி, ஒரு கோடிக்கு மேல் வருமானமுடையோர் மீது 2 விழுக்காடு கூடுதல் மேல்வரி விதித்தபோது எதிர்பார்க்கப்பட்டது 9,000 கோடி.

2011இல் சென்னை மாநகராட்சியில் இணைந்த கொட்டிவாக்கம் போன்ற பகுதிகளில், 2022இல் 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டின் சொத்து வரி 25 விழுக்காடும், 1,800க்கு மேற்பட்டதன் வரி 100 விழுக்காடும் உயர்த்தப்பட்டன. வசதிக்கேற்ற வரி என்னும் நெறி இதில் உண்டு. ஆயினும் சதுர அடி செல்வத்தின் அளவுகோலாகுமா? பாட்டனார் விட்டுச்சென்ற பழைய பெரிய வீட்டில் வருமானமற்ற கைம்பெண் இருக்கலாம். கடலோர அடுக்குமாடியின் சிறு வீட்டில் பெருவணிகர் இருக்கலாம். உயர்வு விகிதம் முன்னவர்க்கே மிகுதி. யானையின் கால் படுமிடம் இதுவே.

நமக்கு இவ்வேறுபாடு புதிதன்று. குடியிருக்கும் வீட்டின் மீது ஜகாத் இல்லை. நிஸாபை எட்டி ஓராண்டு கைவசமிருந்த பணத்திலும் பொன்னிலும்தான் இரண்டரை விழுக்காடு. பெறுவோரும் எண்வகையினராக வரையறுக்கப்பட்டுள்ளனர்.

பாட்டின் எல்லையும் இங்கேதான் புலப்படுகிறது. அதில் உண்பது யானை, அதாவது அரசன். குடியாட்சியில் கவளம் சேர வேண்டியது குடிமக்களிடம். அவர்களுள் யாரிடம் என்பதற்குப் பாட்டில் விடையில்லை. 2016இல் தமிழகத்தில் இரு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்பட்டபோது, மாளிகைக்கும் குடிசைக்கும் ஒரே சலுகைதான் கிடைத்தது. எவரிடம் பெறுவது என்பதோடு எவருக்குச் சேர்ப்பது என்பதையும் வரையறுத்தாலன்றி, செல்வர் தரும் வரி ஏழை வீட்டின் கட்டணத்தைக் குறைக்காது.